கால்ட்வாசர் என்ற பெயர் கடல் கடந்த வரலாறு

வெண்டல் கால்ட்வாசர் பிரேசிலுக்குப் புறப்பட்டபோது குடும்பப் பெயரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதனால் 1846ஆம் ஆண்டு வசந்தத்தில் ஒரு பிற்பகல் முதல் டில்லன்பாக் கிராமத்தில் அவனுடைய தகப்பன் வெறும் ஹூபெர்ட் ஆனார், தங்கை வெறும் அப்பொலோனியா ஆனாள். அந்த வாரம் சிம்மர்ன் சந்தையில் ரை தானியம் விலை ஏறியிருந்தது, வெண்ணெய் இறங்கியிருந்தது, விதைக்கு உருளைக்கிழங்கு எந்த விலைக்கும் கிடைக்கவில்லை. இந்த வரலாறு ஊரெல்லைக்கு வெளியே உட்கார்ந்து எழுதப்படுகிறது. உள்ளே அந்தப் பெயருக்கு மை பிடிப்பதில்லை.

கால்ட்வாசர் என்றால் குளிர்ந்த தண்ணீர். டிரோல் மலைப்பக்கத்தில் ஊர்க் கிணறுகள் எல்லாம் கொதித்துப்போன ஒரு கோடையில், கல்லுடைக்கும் ஃபைட் என்பவன் வீட்டுக் கிணறு மட்டும் குளிர்ந்தே கிடந்தது. ஊர் முழுவதும் குடத்தோடு அவன் வாசலில் நின்றது. அதுவரை ஃபைட்டுக்கு ஒற்றைப் பெயர்தான்; கோடை முடியும்போது இரண்டாகிவிட்டது. பெயர் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது என்பதைக் குடும்பம் சீக்கிரமே கண்டுகொண்டது. முப்பது வருடப் போர் ஓய்ந்து, எங்கள் ஹுன்ஸ்ரூக் மேட்டில் ஆளரவமில்லாமல் ஓநாய்கள் கோயில் பீடத்தடியில் குட்டி போட்டுக்கொண்டிருந்த காலத்தில், நிலம் சும்மா கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஃபைட்டின் பேரன் லோரென்ஸ் ஒரு மண்ஜாடியில் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு நடந்து வந்தான். டில்லன்பாக்கில் வீடு கட்டி, நிலவறைத் தரையில் அதை ஊற்றினான். ஊற்றிய இடத்தில் ஊற்று கண் திறந்தது. புறப்படுமுன் ஜாடியில் பாதியை அண்ணனுக்கு விட்டுவிட்டு வந்திருந்தான். போகிறவன் பாதி எடுப்பான், இருக்கிறவனுக்குப் பாதி விடுவான் என்பது அன்றிலிருந்து குடும்ப வழக்கம். டிரோலில் நின்ற கிளை ஒரு பனிச்சரிவில் முடிந்தது. நூறு வருடம் கழித்துப் பாதி ஜாடியோடு தெற்கே பானாத் சதுப்புக்குப் போன கிளை காய்ச்சலில் முடிந்தது. கடைசியில் உலகத்திலேயே அந்தப் பெயர் எங்கள் ஊரில், ஒரே வீட்டில், நிலவறை மாடத்தில் வைத்திருந்த ஒரு ஜாடியில் இருந்தது.

அந்த வீட்டு நிலவறை அவ்வளவு குளிர்ச்சி. ஆகஸ்ட் மாதத்தில்கூட அங்கே வைத்த வெண்ணெய் கல் போலிருக்கும். ஊரில் பாதிப் பேர் பால்சட்டியை அங்கேதான் இறக்கிவைப்பார்கள். ஆனால் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே கறுத்து அழுகத் தொடங்கிய பிறகு குளிர்ச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? துறைமுகத்து ஆள் ஒருவன் வந்து, பிரேசிலில் காடு சும்மா தருகிறார்கள், வருடத்துக்கு இரண்டு அறுவடை என்று சொல்லிவிட்டுப் போனான். வெண்டலும் அவன் மனைவி ஒடிலியாவும் அன்றே மனதுக்குள் கிளம்பிவிட்டார்கள். அப்பொலோனியாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கப்பலைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு மாதமாகத் தூக்கத்தில் அவள் கட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ஹூபெர்ட் வரமாட்டேன் என்றார். கடலில் செத்து மீனுக்கு இரையாக எனக்கு ஆசையில்லை, எல்லாரும் போங்கள், பக்கத்து வீட்டு வால்புர்கா கஞ்சி ஊற்றுவாள் என்றார். அவர் இவ்வளவு லேசாக ஒப்புக்கொண்டதை அப்பொலோனியா பெரிய மனசு என்று நினைத்தாள். அப்பாவுடைய சட்டைகளை எல்லாம் துவைத்து, பொத்தான் தைத்து, அடுக்கிவைத்தாள்.

புறப்படுவதற்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று சொல்லியிருந்த அன்று காலையில், வழிக்கு ரொட்டி சுட மாவு அரைத்துவா என்று ஹூபெர்ட் அவளை மில்லுக்கு அனுப்பினார். ஓடையில் தண்ணீர் குறைவு என்று சொல்லி மில்காரன் சக்கரத்தை ஆமை வேகத்தில் ஓட்டினான். நடுவில் தன் மனைவியின் மூட்டுவலியைப் பற்றி நிறையப் பேசினான். மாவு மூட்டையை முதுகில் தூக்கிக்கொண்டு அவள் மேடேறி வந்தபோது வண்டி இல்லை. முற்றத்து ஈர மண்ணில் சக்கரத் தடம் மட்டும் ஆழமாக இருந்தது. ஹூபெர்ட் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஊரெல்லை வரை நடந்து போய் வழியனுப்பிவிட்டு வந்த சேறு.

"அண்ணன் எங்கப்பா?"

"போயிட்டான். வண்டிக்காரன் முன்னாடியே வந்துட்டான். காத்திருக்க மாட்டேன்னுட்டான்."

"என் பெட்டி?"

"உன் பெட்டி மாடியிலயே இருக்கு."

அவள் மூட்டையை இறக்காமலே நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் வால்புர்கா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் சும்மா இருக்கிற வாய் அல்ல. "நானும் கத்தினேன்டி, அப்பொலோனியா! ஓய் வெண்டல், தங்கச்சிய விட்டுட்டுப் போறியேன்னு. திரும்பிக்கூடப் பாக்கல. நல்லா இருக்குடி இந்த குடும்பத்து நியாயம், இந்த..." என்று சொல்லி, குடும்பத்தின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். பெயர் வர வேண்டிய இடத்தில் கொட்டாவி வந்தது. மறுபடி முயன்றாள். தாடை விலகும் அளவுக்கு இன்னொரு கொட்டாவி. அப்பொலோனியா மாவு மூட்டையைப் போட்டுவிட்டு நிலவறைக்கு ஓடினாள். மாடம் காலி. ஊற்று இருந்த இடத்தில் ஒரு ஈரக் கறை, அதுவும் காய்ந்துகொண்டிருந்தது. மேலே வந்து பார்த்தால், வாசல் நிலைக்கல்லில் லோரென்ஸ் செதுக்கிவைத்த எழுத்துகள் சோப்புக் கட்டி போல் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. கல்லறைத் தோட்டத்தில் அவள் தாயின் சிலுவையில் முதல் பெயர் மட்டும் மிச்சம்.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். பாதிரியார் பூசையில் அந்த வீட்டுக்காக வேண்டிக்கொள்ள வாயெடுத்தால் கோயில் முழுக்கக் கொட்டாவி விட்டது; இரண்டு ஞாயிறுக்குப் பிறகு அவர் அந்த வீட்டை விட்டுவிட்டார். வரி வசூலிக்க வந்த அதிகாரி பெயரை எழுதப் பேனாவைத் தொட்டு, கொட்டாவி விட்டு, அவர்கள் வீட்டு மேசையிலேயே குறட்டை விட்டுத் தூங்கி, எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனார். வரி இல்லாத ஒரே வீடு என்று ஊரில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. ஆனால் யோஸ்ட் என்ற கூரை வேலைக்காரன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோதுதான் அதன் விலை தெரிந்தது. கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டும். பாதிரியார் வாசித்தார், பெயருக்கு வந்தார், கொட்டாவி விட்டார். அறிவிக்காத பெண்ணை எப்படிக் கட்டிவைப்பது என்று கையை விரித்துவிட்டார். யோஸ்ட் சில வருடம் காத்திருந்தான். ஒருநாள் அவர்கள் வீட்டுக் கூரையில் உடைந்த பலகைக்கல்லை மாற்றிக்கொண்டே, மேலிருந்தபடி, "அப்பொலோனியா, எனக்கு அம்மா ஒரு இடம் பாத்திருக்காங்க" என்றான். "பேரு இருக்கா அவளுக்கு?" என்று அவள் கீழிருந்து கேட்டாள். "இருக்கு" என்றான். "அப்ப கட்டிக்க. ஏணிய நான் பிடிச்சிக்கிறேன், பாத்து இறங்கு" என்றாள்.

தகப்பனுக்கு வந்தது வேறு மாதிரித் தொல்லை. அவருக்கு எழுபத்தைந்தில் சாவு வந்தது. கை கால் சில்லிட்டு, மூச்சு நின்று, பாதிரியார் எண்ணெய் பூசி, சாவு வீட்டு வழக்கப்படி வால்புர்கா கடிகாரத்தையும் நிறுத்திவிட்டாள். மறுநாள் காலையில் ஹூபெர்ட் கண்ணைத் திறந்து சூப் கேட்டார். அடுத்த குளிர்காலத்தில் மறுபடி அதேபோல் ஆயிற்று. அதற்கடுத்த வருடமும். ஆளைப் பெயர் சொல்லி அழைத்தால்தான் ஆள் போக முடியும், அழைப்பதற்குப் பெயர் இல்லையே என்று பாதிரியார் விளக்கினார். "சாவு உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு கொட்டாவி விட்டுட்டுப் போகுதுடி" என்றாள் வால்புர்கா. கேலிதான், ஆனால் உண்மையும் அதுதான். சாக வேண்டிய உடம்பு சாகாமல் கிடந்தது. எலும்பு தோலைக் குத்திக்கொண்டு வந்தது. ஒரு கண் பழுத்து விழுந்தது. படுக்கையில் புரட்டிப்போட்டால் காய்ந்த சுள்ளி போல் சத்தம் கேட்டது. அப்பொலோனியா அவரைக் குளிப்பாட்டினாள், பால் சோற்றை மசித்து ஊட்டினாள், புண்ணுக்குப் பன்றிக்கொழுப்புத் தடவினாள். இப்படியே, வெண்டல் போய்ப் பதினாறு வருடம் ஆகிவிட்டது. பிரேசிலிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அண்ணன் மேல் அவளுக்கு இருந்த கோபம் நாளாக ஆகக் குறையவில்லை. குடியிருக்கும் வீடு போல் அதைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தாள். அப்பா பாவம், அப்பாவையும் சேர்த்துத்தானே அவன் ஏமாற்றிவிட்டுப் போனான் என்பது அதன் நடு உத்தரம்.

ஒரு வசந்தத்தில் ஹூபெர்ட், "என்னை எப்படியாவது அனுப்பிவச்சிடு, மவளே. முடியல" என்று அழுதார். அப்பொலோனியா மாடியிலிருந்து பழைய பெட்டியை இறக்கினாள். "நான் போய்ப் பேர வாங்கிட்டு வர்றேன்பா. அதுவரைக்கும் வால்புர்கா அக்கா பாத்துக்குவாங்க" என்றாள். ஹூபெர்ட்டின் அழுகை சட்டென்று நின்றது. "வேண்டாம், போகாத" என்றார். "அவன் என்னத்தையாவது சொல்லுவான். நம்பாத." அவள் அதை மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பெயர் இல்லாதவளுக்குப் பயணம் எளிதாக இருந்தது. பிரெமன் துறைமுகத்தில் பெயரைக் கேட்டார்கள். அவள் கொட்டாவி விட்டாள், குமாஸ்தாவும் கொட்டாவி விட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். கப்பலில் தலை எண்ணும்போது எண்ணிக்கை எப்போதும் அவளைத் தாண்டிப் போனது. கணக்கில் இல்லாதவளிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை. கணக்கில் இல்லாதவளுக்கு யாரும் சாப்பாடும் போடவில்லை. கொண்டுபோன காய்ந்த ரொட்டியை உப்புநீரில் நனைத்துத் தின்றாள். ரியோ கிராண்டேயில் இறங்கி, படகேறி, மாட்டுவண்டி ஏறி, காயி ஆற்றங்கரையில் எங்கள் பக்கத்து ஆட்கள் காட்டை வெட்டிக் குடியேறியிருந்த இடத்தை அடைந்தபோது, ஒரு வீட்டு முன்னால் கறுப்பு மொச்சை உலர்த்திக்கொண்டிருந்த இளைஞனின் மூக்கைப் பார்த்தாள். அது அவள் வீட்டு மூக்கு.

"நீ வெண்டல் மவனா?"

"ஆமா. நீங்க யாரு?"

"உன் அத்தை."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகப் பெஞ்சைக் காட்டினான். "ஊர்ல இருந்தா? அம்மா சொல்லியிருக்காங்க. எவ்வளவு கூப்பிட்டும் வரமாட்டேன்னு பிடிவாதமா நின்னுட்டீங்களாமே, கடலுக்குப் பயந்து."

"நான் மில்லுக்குப் போயிருந்தேன்" என்றாள் அப்பொலோனியா.

அவன் தன் பெயரைச் சொன்னான். ஜுவான் கல்வாசோ. அவள் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். கல்வாசோ என்றே சொன்னான். வந்த முதல் வருடம் வெண்டல் ஜாடியைக் கவிழ்த்தபோது எங்கள் ஊர் நிலவறையில் வந்ததைவிடப் பெரிய ஊற்று வந்ததாம். பல்லைக் கூச வைக்கும் குளிர்ச்சியாம். ஆனால் நிலம் கொடுத்த அதிகாரிக்குப் பெயர் வாயில் நுழையவில்லை. கால்வாசர் என்றான். தண்ணீர் கொஞ்சம் சூடேறியது. ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் கல்வாசர் என்றார். கழுதை வியாபாரி கல்வாசோ என்றான், பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தப்புக்கும் ஊற்று ஒரு படி வெதுவெதுப்பானது. அப்பொலோனியா போனபோது அதில் மாடுகள் காலை நனைத்துக்கொண்டு நின்றன.

ஒடிலியா செத்துப்போயிருந்தாள். வெண்டல் தோட்டத்திலிருந்து வந்தான். தலை முழுக்க நரைத்து, வெயிலில் முகம் செங்கல்லாகியிருந்தது. தங்கையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான், பிறகு மாட்டிக்கொண்டான்.

"அப்பா போயிட்டாரா?"

"போக முடியல. பேர நீ எடுத்துட்டு வந்துட்டியே, எப்படிப் போவாரு? பாதிய விட்டுட்டு வரணும்னு உனக்குத் தெரியாதா அண்ணே? என்னையத்தான் விட்டுட்டு வந்த, பேரையாவது விட்டுட்டு வந்திருக்கக் கூடாதா? ரெண்டையும் திருடிட்டு வந்த திருட்டுப்பய நீ."

"நான் திருடல."

"பின்ன?"

வெண்டல் ஊற்றின் கரையில் உட்கார்ந்தான். பதில் சொல்ல அவனுக்கு விருப்பமில்லை. ஆனால் திருடன் என்ற சொல்லை மகன் முன்னால் கேட்டுவிட்டான். "உன்னையும் சேத்துதான் வண்டி பேசினேன். உன் பெட்டிய நானே மாடியில இருந்து இறக்கிவச்சேன், அப்புறம் திரும்ப மேல ஏத்திட்டோம். அப்பாதான் நிலவறைக்குக் கூட்டிட்டுப் போனாரு. பாதி பேர வச்சிக்கிட்டு புது நாட்டுல என்னடா பண்ணுவ, ஜாடிய முழுசா எடுத்துக்க, பொண்ண மட்டும் எனக்கு விட்டுட்டுப் போன்னாரு. வால்புர்கா கையால சூப் குடிச்சி சாக என்னால முடியாதுன்னாரு. மில்லுக்கு உன்னை அனுப்பினது அவரு. மில்காரன்கிட்ட முந்தின நாளே சொல்லி வச்சதும் அவரு. நான் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அது என் தப்பு. ஆனா திருடல."

அப்பொலோனியா நின்றபடியே இருந்தாள். பதினாறு வருடமாகப் பெருக்கித் துடைத்து வைத்திருந்த வீட்டின் நடு உத்தரம் முறிந்த சத்தம் மாடுகளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவை தலையைத் தூக்கிப் பார்த்தன. பால் சோறு மசித்த கையை அவள் பாவாடையில் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்தாள். தகப்பனின் முதுகுப் புண்கள் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். அதுதான் அவளுக்கு அப்போது தாங்கவில்லை.

"சரி, பேர குடு" என்றாள் கடைசியில்.

"எங்க இருக்கு குடுக்க? நீ பேர் இல்லாம இருக்க, நான் தப்பான பேரோட இருக்கேன். என்னைய விட்டா அத ஒழுங்கா சொல்ல இங்க ஆளே இல்ல." வெண்டல் அதைச் சொல்லிக் காட்டினான். பதினாறு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவள் காதில் விழுந்தது. பின்கழுத்தில் பனிநீர் ஊற்றியது போலிருந்தது. வெண்டல் தண்ணீரில் இறங்கி, தோள்வரை கையை விட்டு, பாறை இடுக்கில் ஊற்றுக்கண் எங்கே என்று தடவி, இரண்டு கையாலும் மொண்டு கொண்டுவந்தான். அடியில் அவ்வளவுதான் குளிர்ச்சி மிச்சம் இருந்தது, ஒரு வாய்க்கு. "குடிச்சிடு. ஆனா வாயத் தொறக்காத. முதல்ல வர்ற வார்த்தையோட அது போயிடும்" என்றான். அவள் அண்ணனின் உள்ளங்கையிலிருந்து குடித்தாள். வெண்டலுக்கு அன்றிலிருந்து அந்தப் பெயர் வாயில் வரவில்லை. கல்வாசோ என்றே வாழ்ந்து, கல்வாசோ என்றே அழைக்கப்பட்டு, ஒழுங்காகச் செத்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் வாயைத் திறக்கவில்லை. நெஞ்சுக்குள் பனிக்கட்டி போல் பெயர் இருந்தது. வெப்பக் கடலில் மாலுமிகள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள், அங்கே காற்று குளுமையாக இருந்தது. ஊமை என்று நினைத்து இரக்கப்பட்டு ஒருவன் தினமும் பட்டாணிச் சூப் கொண்டுவந்து கொடுத்தான். டில்லன்பாக்கில் வால்புர்கா ஓடிவந்து, "வந்துட்டியாடி! கிழவன் என் உசுர வாங்கிட்டான். நான் ஊட்டினா துப்புறான்" என்று ஆரம்பித்தவள், அப்பொலோனியாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் பேசவில்லை. தகப்பனைக் கவனிப்பதை நிறுத்தவும் இல்லை. புரட்டிப்போட்டாள், துடைத்தாள், ஊட்டினாள். பிறகு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சில வாரம் ஹூபெர்ட் ஒன்றும் தெரியாதவர் போல் நடித்தார். "என்ன, அவன் பேர தரலையா?" என்றார். பிறகு, "அவன் சொன்னத நம்பிட்டியா? அவன் சின்ன வயசுல இருந்தே பொய்யன்" என்றார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவருக்குக் கோபம் வந்தது. "ஆமா, நான்தான் செஞ்சேன். என்ன இப்போ? பெத்து வளத்தவனுக்கு ஒரு பிள்ளையாவது பக்கத்துல இருக்க வேண்டாமா? ஊர்ல எந்த அப்பன் செய்யாதது? நீ அங்க போயிருந்தா பாம்பு கடிச்சி செத்திருப்ப" என்று ஒற்றைக் கண்ணை உருட்டிக் கத்தினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பனி உருகத் தொடங்கியபோது அவருடைய குரல் சின்னதாகிவிட்டது. "ஏதாவது பேசு. திட்டவாவது செய். மவளே, நீ என்னைய அப்பான்னு கூப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சி."

அப்பொலோனியா அடுப்பில் இருந்த பானையை இறக்கிவைத்தாள். கட்டிலுக்கு அருகில் வந்து நின்றாள். பெற்ற தகப்பனை, எந்த மகளும் கூப்பிடாத மாதிரி, முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஹூபெர்ட் கால்ட்வாசர்!"

வாசல் நிலைக்கல்லில் எழுத்துகள் கோழி கீறியது போல் எழுந்து நின்றன. நிலவறையில் தண்ணீர் குமிழிட்டது. ஊரில் யார் யார் என்ன வேலையாக இருந்தார்களோ அதை விட்டுவிட்டு அந்தப் பெயரை ஒருமுறை சொன்னார்கள், வால்புர்கா கோழிக் கூட்டுக்குள் நின்றுகொண்டு சொன்னாள். ஹூபெர்ட்டின் முகம் தெளிந்தது. போவதற்கு முன் அவருக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. அப்பொலோனியாவுக்கும் இப்போது வாய் விடுபட்டிருந்தது.

"மன்னிச்சிட்டியா?" என்றார்.

"இல்ல" என்றாள். "உன்னை மன்னிக்கல. இன்னொரு குளிர்காலம் உன் கூட இருக்க முடியாது, அதான் கூப்பிட்டேன். ஒருத்தர் போறதுக்குத்தான் இந்தப் பேரு இருந்துச்சு. எனக்குன்னு வச்சிருந்தா நானும் ஒருநாள் போயிருக்கலாம். அதையும் நீயே எடுத்துக்க. போ."

ஹூபெர்ட் போனார். கடைசி மூச்சோடு எழுத்துகள் கல்லுக்குள் அமிழ்ந்தன, ஊற்று வற்றியது, ஊர் கொட்டாவி விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது. அவரைப் புதைத்துவிட்டு வந்து அப்பொலோனியா கட்டிலை முற்றத்தில் போட்டு உடைத்து விறகாக்கினாள். மாடி அறையின் ஜன்னல்களைத் திறந்துவைத்தாள். சில நாட்கள் தூங்கினாள், எழுந்தாள், தனக்கு மட்டும் சமைத்தாள். அவளுக்கு அப்போது நாற்பது. அறுபது வரை மற்றவர்களைப் போலவே வயதானாள். பிறகு வயது அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. வால்புர்கா செத்தாள், வால்புர்காவின் பேத்திகள் செத்தார்கள். அரசர்கள் போனார்கள், இரண்டு போர்களுக்கு ஊரிலிருந்து ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு போனார்கள், போனவர்களில் கொஞ்சம் பேரே திரும்பி வந்தார்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத அப்பொலோனியா தோட்டத்தைக் கொத்திக்கொண்டிருந்தாள். இப்போது அவள் வீட்டு மின்சாரம் பக்கத்து வீட்டுப் பெயரில் வருகிறது. ஊராட்சியில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள், அந்த வீட்டைப் பற்றிக் கேட்காதே, தூக்கம் வரும் என்று.

போன கோடையில் பிரேசிலிலிருந்து லூர்தெஸ் கல்வாசோ என்ற பல் மருத்துவர் கணவனோடு வந்தாள். தங்கள் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவள். தோட்டத்து வேலிக்கு வெளியே நின்று அவள் கேட்ட மொழியைக் கேட்டு அப்பொலோனியா கொத்துவதை நிறுத்தினாள். எங்கள் ஊரில் இப்போது யாரும் பேசாத பழைய பேச்சு அது; காயி ஆற்றங்கரையில் கெடாமல் இருந்திருக்கிறது.

"இந்தப் பக்கத்துல வெண்டல்னு ஒருத்தரு இருந்தாராம். அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்களாம். அங்க வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பேசாம போயிட்டாங்கன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. அவங்க யாருன்னு தெரியுமா?"

"நான்தான்."

லூர்தெஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். முக்கியமாக மூக்கைப் பார்த்தாள். "அப்ப நீங்க எனக்கு அத்தை முறை" என்றாள். "உள்ள வரலாமா?"

"முறையெல்லாம் வேண்டாம். உருளைக்கிழங்கு வெந்திருக்கு. சாப்பிட்டுப் போங்க."

சாப்பிட்டார்கள். அப்பொலோனியா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். லூர்தெஸின் கணவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். லூர்தெஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "அத்தை, எங்க பேர எடுத்துக்கங்களேன். தப்பான பேருதான். ஆனா வேலை செய்யுது, எங்க ஆளுங்க எல்லாம் நல்லபடியாப் போய்ச் சேந்துட்டாங்க. இனிமே எவ்வளவு நாளைக்குத் தனியா இருப்பீங்க?" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

அப்பொலோனியா அந்தப் பெயரை வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். கல்வாசோ. நாக்கில் இப்படியும் அப்படியும் உருட்டினாள்.

"வெந்நீர் மாதிரி இருக்கு" என்றாள். "வேண்டாம்மா. எனக்கு இன்னும் தோட்டத்துல வேலை கிடக்கு."

அவர்கள் மாலைப் பேருந்தில் போனார்கள். அப்பொலோனியா பீன்ஸ் கொடிகளுக்குக் குச்சி நட்டாள்.